கதை நேரத்துக்கு படப் புத்தகம் வாங்கப் போறீங்களா? 5,500 ரூபா விட்டு நான் கத்துக்கிட்டது

2023 ஜூன், ஸ்கூல் திறக்கிறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. மதுரையில எங்க ஏரியா கிளை நூலகத்துல முதல் தடவையா பிள்ளைங்களுக்கு கதை வாசிச்சுக் காட்ட உட்கார்ந்தேன். 22 பிள்ளைங்க வந்திருந்தாங்க, மூணு வயசுலேருந்து ஒன்பது வயசு வரைக்கும். நான் ரெண்டு துணிப்பையில 39 புத்தகம் தூக்கிட்டுப் போயிருந்தேன். பத்தாவது நிமிஷம் என் முன்னாடி ஆறு பேர்தான் மிச்சம், அதுல ஒருத்தி என் பொண்ணு. மத்த பிள்ளைங்க எல்லாம் வாசல்ல இருக்கிற வேப்பமரத்தடிக்குப் போயிட்டாங்க. அவங்க சேட்டை பண்ணாங்கன்னு சொல்ல மாட்டேன், படம் தெரியல, கதை புரியல, எழுந்து போயிட்டாங்க, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே மனசு வரல. பிள்ளைங்க மேல கோவம் இல்ல, எங்க தப்பு பண்ணினேன்னு கேக்கக்கூட ஒரு ஆள் இல்லையேங்கிற வருத்தம்தான். இப்போ அதே நூலகத்துல ரெண்டு வருஷத்துக்கு மேல வாசிச்சுட்டு இருக்கேன். அன்னைக்கு எனக்கு யாராச்சும் சொல்லியிருக்கக் கூடாதான்னு நினைச்ச விஷயங்களை இப்போ எழுதுறேன்.

ஆரம்பிச்ச கதையை சொல்லிடுறேன். என் பொண்ணுக்கு ஒன்றரை வயசுலேருந்து ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி ரெண்டு புக் வாசிப்பேன். மடியில உட்கார்ந்து அவளே பக்கத்தைத் திருப்புவா, படத்துல விரல் வச்சு இது என்ன இது என்னன்னு கேப்பா. அவளைக் கூட்டிட்டு நூலகத்துக்குப் போறப்போ அங்கயும் ஒரு மூலையில உட்கார்ந்து மெதுவா வாசிப்பேன், பக்கத்துல ரெண்டு மூணு பிள்ளைங்க வந்து எட்டிப் பாக்கும். அதைப் பார்த்துட்டு நூலகர் மேடம்தான் கேட்டாங்க, "ஏம்மா, ஞாயித்துக்கிழமை ஒரு அரை மணி நேரம் இதுகளுக்கும் வாசிக்கலாம்ல, நான் இடம் ஒதுக்கித் தர்றேன்"னு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அங்க இருந்த சிறுவர் அலமாரியில பாதி போட்டித் தேர்வு கைடு, மீதி பெரிய பிள்ளைங்க படிக்கிற கதைத் தொகுப்பு, அதனால நானே என் கைக்காசுல வாங்குறேன்னு சொல்லிட்டு வந்தேன். என் பொண்ணுக்குப் பிடிச்சா எல்லாருக்கும் பிடிக்கும்னு நினைச்சேன், அங்கதான் முதல் தப்பு. மடியில இருக்கிற பிள்ளைக்கும் புக்குக்கும் ஒரு அடி தூரம். நூலகத்துல பாயில கடைசியா உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு எட்டு அடி. இந்த ஏழு அடி வித்தியாசம் எனக்கு உறைக்கவே இல்ல.

ஆன்லைன்ல பத்து புக் செட், இருபது புக் செட்னு வருமே, அதுல மூணு செட் போட்டேன், மொத்தம் 30 புக் 2,048 ரூபா. ஒரு புக் எழுபது ரூபாகூட வரலையேன்னு சந்தோஷப்பட்டேன். பார்சலைப் பிரிச்சா எல்லாம் உள்ளங்கை அகலம்தான் இருக்கு. போட்டோவுல பெருசா தெரிஞ்சுது, அளவு கீழ சென்டிமீட்டர்ல போட்டிருந்தாங்க, நான் கீழ வரைக்கும் போய்ப் பார்க்கல. அது போக இங்கிலீஷ் படப் புத்தகம் ஏழு, 2,450 ரூபா. தமிழ்ல மொழிபெயர்த்த கெட்டி அட்டைப் புத்தகம் ரெண்டு, 900 ரூபா. இதைத்தான் 39-ன்னு சொன்னேன்.

அந்த ஞாயித்துக்கிழமை நான் முதல்ல எடுத்தது செட்டுல வந்த ஒரு சிங்கம் முயல் கதை. பக்கத்துக்கு பதினஞ்சு வரி, கீழ ஓரத்துல சின்னதா ஒரு படம். நான் பதினஞ்சு வரியையும் வாசிச்சு முடிக்கிற வரைக்கும் பிள்ளைங்களுக்கு பாக்க ஒண்ணுமே இல்ல. பின்னாடி இருந்து ஒரு பையன் "மிஸ், தெரியல, கொஞ்சம் இங்கிட்டு திருப்புங்க"ன்னான். இங்கிட்டு திருப்பினா அங்கிட்டு இருக்கிற பிள்ளைங்க "எங்களுக்கு தெரியல மிஸ்"னு கத்துது. திருப்பித் திருப்பி காட்டினதுல எந்த வரியில விட்டேன்னு எனக்கே தெரியல. அதுக்கும் மேல அந்தப் பேப்பர் வழவழன்னு மினுங்குற ரகம், தலைக்கு மேல ட்யூப்லைட், ஓரத்துல உட்கார்ந்திருந்த பிள்ளைங்களுக்கு சிங்கத்தோட மூஞ்சி இருக்கிற இடத்துல ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. இதெல்லாம் பின்னாடி நானே அந்தப் பாயில போய் உட்கார்ந்து, நூலகர் மேடத்தை புக்கைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தப்போதான் தெரிஞ்சுது.

அதனால கூட்டத்துக்கு வாசிக்க புக் வாங்குறவங்க முதல்ல பாக்க வேண்டியது அளவு. ஏ4 தாள் அளவு இருந்தா ரொம்ப நல்லது, சதுரமா இருந்தா இருபது சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாதுன்னு நான் வச்சிருக்கேன். ஆன்லைன்ல வாங்கினா அளவு போட்டிருக்கான்னு தேடுங்க, போடலைன்னா அந்த புக்கை வாங்காதீங்க. கடையில வாங்கினா கூட வந்தவங்க கையில கொடுத்து விரிச்சுப் பிடிக்கச் சொல்லிட்டு நீங்க எட்டு அடி தள்ளிப் போய் நில்லுங்க. யார் கதையில இருக்கா, அவங்க என்ன பண்றாங்கன்னு அங்கேருந்து தெரியணும். கிட்டத்துல பார்த்தா கண்ணை எடுக்க முடியாத அழகான படம்கூட தூரத்துல ஒரே கலங்கலா தெரியும், லேசான வாட்டர்கலர், மெல்லிசான பென்சில் கோடு, இதெல்லாம் மடிக்குத்தான் சரி. கெட்டியான வெளிக்கோடு, பின்னணியில நிறைய இடம் காலியா விட்ட படம், இது கடைசி வரிசை வரைக்கும் போகும். மினுங்காத பேப்பரா பாருங்க. அதோட நடுவுல பின் அடிச்ச புக் தட்டையா விரியும், ஒத்தைக் கையில பிடிச்சுக்கலாம். பசை போட்டு ஒட்டின தடி புக் விரிய மாட்டேங்குது, ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரைஞ்ச யானை நடு மடிப்புக்குள்ள பாதி போயிடுது, பத்து நிமிஷத்துல மணிக்கட்டு வலிக்க ஆரம்பிச்சிடுது.

உட்கார்ற இடத்தையும் சொல்லிடுறேன். ஜன்னல் என் முதுகுக்குப் பின்னாடி இருந்தா பிள்ளைங்க கண்ணுக்கு வெளிச்சம் அடிச்சு புக் கருப்பா தெரியும். சுவத்தை ஒட்டி உட்காருங்க, ஜன்னல் பிள்ளைங்க முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

ரெண்டாவது வாரம் இங்கிலீஷ் புக்கை எடுத்தேன். அச்சும் படமும் அவ்வளவு அருமை, பெரிய அளவு, குறையே சொல்ல முடியாது. ஆனா ஏழுல நாலு எதுகை மோனையா பாட்டு மாதிரி ஓடுற புக். எங்க ஏரியா பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ்ல வாசிச்சா போய்ச் சேராதுன்னு நான் வாசிச்சுட்டே தமிழ்ல சொல்லிட்டுப் போகலாம்னு நினைச்சேன். முடியவே இல்லைங்க. அந்த புக்கோட உயிரே அந்தச் சத்தத்துலதான் இருக்கு, அர்த்தத்தை மட்டும் தமிழ்ல சொன்னா பூனை வந்தது, தொப்பி போட்டது, படுத்ததுன்னு சப்புன்னு ஆயிடுது. மீதி மூணு புக்ல பக்கத்துக்கு நாலு வார்த்தைதான், கதை முழுக்க படத்துலயே இருக்கு, அதை தமிழ்ல என் இஷ்டத்துக்குச் சொல்ல முடிஞ்சுது, அந்த மூணும் இன்னைக்கு வரைக்கும் உழைக்குது. அதனால வேற மொழி புக் வாங்கினா வார்த்தை கம்மியா இருக்கிறதா பாருங்க, இல்ல வார்த்தையே இல்லாத படப் புத்தகமா பாருங்க. பாட்டா ஓடுறதை அந்த மொழி புரியற பிள்ளைங்களுக்கு மட்டும் வாசிங்க. இன்னொண்ணு, மூடியைத் தூக்கிப் பார்க்கிற புக், இழுத்தா அசையற புக் இதெல்லாம் கூட்டத்துக்கு வேண்டாம். ஒரே ஒரு நாள்தான் தாங்குச்சு, ஒரு மூடிக்கு எட்டு கை வந்துது, கிழிச்ச பிள்ளை பயந்துபோய் அழுதுச்சு, எனக்கு புக் போனதைவிட அது அழுததுதான் கஷ்டமா இருந்துச்சு.

இப்போ மொழி விஷயத்துக்கு வர்றேன், எனக்கு இதுலதான் சொல்ல நிறைய இருக்கு. அந்த 900 ரூபா மொழிபெயர்ப்பு ரெண்டையும் நான் வீட்டுல கண்ணால படிச்சு ஓகேன்னு வச்சிருந்தேன். நூலகத்துல வாயைத் திறந்து வாசிச்சப்போ நாக்கு தடுக்குது. ஒரு வரி இப்படி இருந்துச்சு: "தன் தாயினால் தனக்கு அளிக்கப்பட்ட சிவப்பு நிறக் குடையை விரித்துக்கொண்டு அவள் மழையில் நடந்து செல்ல ஆரம்பித்தாள்." மூணு வயசுப் பிள்ளை இதுல எந்த வார்த்தையைப் பிடிச்சுக்கும்? நம்ம தமிழ்ல வினை கடைசியில வர்றதால வாக்கியம் நீண்டா என்ன நடந்துச்சுன்னு தெரிய பிள்ளை கடைசி வரைக்கும் காத்திருக்கணும், அது காத்திருக்காது. "அம்மா கொடுத்த சிவப்புக் குடை. விரித்தாள். நடந்தாள்." இப்படி இருந்தா அதே எழுத்துத் தமிழ்தான், ஆனா காதுல ஏறிடும். இதுலேருந்து நான் ஒரு பழக்கம் வச்சுக்கிட்டேன். எந்த புக்கையும் சத்தமா நின்னுக்கிட்டு முழுசா வாசிக்காம வாங்கறது இல்ல. கடையில வாசிக்க கூச்சமாத்தான் இருக்கும், ஓரமா ஒரு அலமாரி பக்கம் போய் வாசிச்சுடுங்க, பத்து நிமிஷ கூச்சம்தான். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சுல சொல்ல முடியலைன்னா அது காதுக்கு எழுதின வாக்கியம் இல்ல.

எழுத்துத் தமிழை அப்படியே வாசிக்கணுமா, பேச்சுத் தமிழா மாத்தணுமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. ஆரம்பத்துல நான் எல்லாத்தையும் மாத்தினேன், "நரி நீர் அருந்தச் சென்றது"ன்னு இருந்தா "நரி தண்ணி குடிக்கப் போச்சு"ன்னு சொல்வேன். கொஞ்ச நாள் கழிச்சு அது முழு சரி இல்லைன்னு தோணுச்சு. ஏன்னா ஒரு புக்ல திரும்பத் திரும்ப வர்ற வரி எழுத்துத் தமிழ்ல இருந்தா பிள்ளைங்க அதை ஒரு பாட்டு மாதிரி பிடிச்சுக்குதுங்க, "எங்கே போனது? எங்கே போனது?"ன்னு எல்லாம் சேர்ந்து சொல்லுதுங்க, அந்த ஓசை அதுகளுக்கு வேணும். நாளைக்கு ஸ்கூல் புக்கைத் திறக்கிறப்போ அந்தத் தமிழ் அந்நியமா தெரியாம இருக்கவும் இது உதவும். அதனால இப்போ கதை சொல்ற வரிகளை அச்சுல இருக்கிறபடியே வாசிக்கிறேன், பாத்திரங்க பேசுற இடத்தை மட்டும் நம்ம பேச்சுக்கு மாத்திடுறேன். ஆட்டுக்குட்டி "அம்மா, எனக்குப் பசிக்கிறது"ன்னு சொல்றதை நான் "யம்மா பசிக்குதும்மா"ன்னு சொன்னா பிள்ளைங்க மூஞ்சி மாறுறதைப் பார்க்கணும். எங்க மாத்தணும்னு முதல் நாள் ராத்திரியே பென்சில்ல லேசா குறிச்சு வச்சுக்குவேன், அந்த நேரத்துல யோசிச்சு மாத்தினா திக்கும்.

ஜூலைல பணம் கையைக் கடிச்சுது, இனி இலவசமா கிடைக்கிறதைப் பார்ப்போம்னு தேடினப்போதான் பிரதம் புக்ஸ் பதிப்பகம் நடத்துற ஸ்டோரிவீவர்ங்கிற வெப்சைட் பத்தி தெரிஞ்சுது. 2015-லேருந்து நடக்குது, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமையில, அதாவது யாரும் இலவசமா எடுத்துப் பயன்படுத்திக்கலாம்னு போட்டிருக்காங்க, தமிழ்லயும் நிறைய கதை இருக்கு, டவுன்லோட் பண்ணி பிரிண்ட் எடுத்துக்கலாம். நல்ல விஷயம்னு உடனே ஆறு கதை கலர் பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பண்ணினேன், பக்கத்துக்கு பத்து ரூபா, ஒரு கதைக்கு 16 பக்கம், ஸ்பைரலோட சேர்த்து 1,200 ரூபா ஆயிடுச்சு. சாதா ஜெராக்ஸ் பேப்பர், ஒரு பக்கம் பிடிச்சா பின்னாடி பக்கத்துப் படம் தெரியுது, ரெண்டு வாரத்துல ஓரமெல்லாம் சுருண்டுடுச்சு. அப்புறம் பார்த்தா அந்தக் காசுக்கு அச்சடிச்ச நல்ல புக்கே பன்னெண்டு பதினஞ்சு வாங்கியிருக்கலாம். பிரிண்ட் போடாதீங்க, நூலகத்துலயோ ஸ்கூல்லயோ டிவி இருந்தா அதுல போட்டு வாசிங்க, கடைசிப் பிள்ளைக்கும் தெரியும், ஒரு பைசா செலவு இல்ல. அங்க கதைகளை நாலு நிலையா பிரிச்சிருக்காங்க, முதல் நிலை 250 வார்த்தைக்குள்ள, ரெண்டாவது 600 வரைக்கும், மூணாவது 1,500 வரைக்கும், அதுக்கு மேல நாலாவது. என் அனுபவத்துல கூட்டத்துக்கு முதல் ரெண்டு நிலைதான் சரி. தமிழ் வார்த்தை நீளம், 300 வார்த்தைக் கதையை படம் காட்டி நிறுத்தி வாசிச்சா அஞ்சு நிமிஷம் தாராளமா ஓடும்.

அந்த ஜூலை 15-ந் தேதி புது நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தாங்க. திறந்த ரெண்டாவது வாரம் பொண்ணைக் கூட்டிட்டு சிறுவர் பகுதிக்குப் போனேன், அதுக்கப்புறம் பல நாள் போனேன். வாங்குறதுக்கு முன்னாடி புக்கைக் கையில எடுத்துப் பார்க்க ஒரு இடம் கிடைச்சது எனக்குப் பெரிய விடிவு. மதுரை ஆளுங்க கண்டிப்பா போங்க, சென்னையில இருக்கிறவங்களுக்கு கோட்டூர்புரத்துல அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கு. ஒரு நோட்டு கொண்டு போங்க, பிள்ளை எந்த புக்கை ரெண்டாவது தடவை எடுத்துட்டு வருதுன்னு எழுதிக்குங்க. நான் அப்படி எழுதின பட்டியல் மூணு மாசத்துல 26 புக் ஆச்சு, அதுலேருந்துதான் பின்னாடி வாங்கினேன்.

அங்க உட்கார்ந்து வரிசையா நூறு புக்குக்கு மேல புரட்டினதுல எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. படப் புத்தகம் பெரும்பாலும் 16, 24, 32 பக்கம்னுதான் வருது, பெரிய தாளை மடிச்சு அடிக்கிறதால அப்படி. அந்தக் கொஞ்சப் பக்கத்துக்குள்ள எழுதினவங்களும் வரைஞ்சவங்களும் எந்த வரியில பக்கத்தை முடிக்கிறதுன்னு யோசிச்சிருப்பாங்க. நல்ல புக்ல பக்கம் திரும்புற இடத்துல ஒரு கேள்வி தொங்கும். எங்க பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு புக்ல வலது பக்கம் முடியறப்போ "கட்டிலுக்கு அடியில் யார்?"னு மட்டும் இருக்கும், பக்கத்து ஓரத்துல ஒரு வாலோட நுனி. அந்த இடத்துல நான் பக்கத்தைத் திருப்பாம விரலை மட்டும் ஓரத்துல வச்சுட்டு நிப்பேன். ஒருத்தன் பூனைங்கிறான், ஒருத்தி எலிங்கிறா, முன்னாடி இருக்கிற சின்னது எழுந்து வந்து புக்குக்குப் பின்னாடி எட்டிப் பாக்குது. வால் யாரோடதுன்னு எழுத்துல எங்கயும் வராது, படத்துல மட்டும்தான் வரும். எழுத்து சொல்றதையே படமும் சொன்னா அந்தப் படம் வெறும் அலங்காரம், பிள்ளைக்கு கண்டுபிடிக்க ஒண்ணும் இருக்காது. வாங்குறப்போ எழுத்தை மூடிட்டு படத்தை மட்டும் புரட்டிப் பாருங்க, அப்புறம் எழுத்தை மட்டும் வாசிங்க, ரெண்டும் வேற வேற சேதி சொல்லணும்.

ஆகஸ்ட்ல நடந்த ஒண்ணை எழுதாம இருக்க முடியாது. அம்மா வெளியூருக்கு வேலைக்குப் போறாங்க, பிள்ளை பாட்டிகூட இருக்குதுன்னு ஒரு கதை. பாதி வரைக்கும் புரட்டிப் பார்த்துட்டு நல்லா இருக்குன்னு எடுத்துட்டுப் போயிட்டேன், முடிவு என்னன்னு படிக்கல. கடைசிப் பக்கத்துலயும் அம்மா திரும்பி வர மாட்டாங்க, போன்ல மட்டும் பேசுவாங்க. நான் வாசிச்சு முடிச்சுட்டு நிமிர்ந்தா ரெண்டாவது வரிசையில ஒரு அஞ்சு வயசுப் பிள்ளை பாவாடை ஓரத்தை வாய்க்குள்ள வச்சுக் கடிச்சுட்டு சத்தமே இல்லாம அழுவுது, கண்ணுலேருந்து தண்ணி மட்டும் இறங்குது. அதோட அம்மா திருப்பூர்ல வேலை பார்க்கிறாங்களாம், பிள்ளை பாட்டிகிட்ட வளருது, எனக்குத் தெரியாது. கூட்டிட்டுப் போக வந்த பாட்டி, "என்னத்தா இது, இப்பதான் கொஞ்சம் மறந்து இருந்துச்சு"ன்னு மட்டும் சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தை எனக்கு பல நாள் தூக்கத்தைக் கெடுத்துச்சு. சோகக் கதையே வாசிக்கக் கூடாதுன்னு நான் சொல்லல, அந்த புக் நல்ல புக்தான். ஆனா அது ஒரு பிள்ளையைப் பக்கத்துல உட்கார வச்சு, தோள்ல கை போட்டுக்கிட்டு வாசிக்க வேண்டிய புக், 22 பேருக்கு நடுவுல அழ விட வேண்டிய புக் இல்ல. கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்காத புக்கைப் பையிலயே வைக்காதீங்க, வர்ற பிள்ளைங்க வீட்டு நிலைமை என்னன்னு நூலகர்கிட்டயோ டீச்சர்கிட்டயோ ஒரு வார்த்தை கேட்டு வச்சுக்குங்க.

உள்ளடக்கத்துல நான் இன்னும் ரெண்டு பார்ப்பேன். கெட்டவங்களை மட்டும் கருப்பா வரைஞ்சிருக்காங்களான்னு பார்ப்பேன், அந்த செட் புக்குல அப்படி நாலு இருந்துச்சு, என் முன்னாடி உட்கார்ற பிள்ளைங்க எல்லாம் நல்ல கருப்பு, அதுகளுக்கு நான் அதைக் காட்ட மாட்டேன். அப்புறம் கடைசியில "ஆகவே குழந்தைகளே"ன்னு நீதி சொல்ற புக். பிள்ளைங்க கதைக்குள்ள இருக்கிறப்போ பட்டுன்னு ஸ்கூலுக்கு இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கு. கதை நல்லா இருந்து அந்த ஒரு வரி மட்டும் இடைஞ்சல்னா நான் வாசிக்காம விட்டுடுவேன்.

அக்டோபர்ல தமுக்கத்துல புத்தகத் திருவிழா நடந்துச்சு. இந்தத் தடவை கையில பட்டியல், கூட என் தம்பி, அவன் வேலை புக்கை விரிச்சுப் பிடிக்கிறது. 1,350 ரூபாதான் எடுத்து வச்சேன். நேஷனல் புக் டிரஸ்ட் போடுற நேரு பால புத்தகாலய வரிசை விலை குறைவு, பெரும்பாலும் பின் அடிச்ச புக், அதுல அஞ்சு எடுத்தேன். துலிகா 1996-லேருந்து சென்னையில இருக்கிற பதிப்பகம், தமிழும் இங்கிலீஷும் சேர்ந்த இருமொழிப் படப் புத்தகம் போடுறாங்க, நம்ம ஊர்ப் பிள்ளைங்க நம்ம ஊர் வீடுன்னு படம் இருக்கும், அதுல நாலு எடுத்தேன். இருமொழி புக்ல நான் ஒரு தப்பு பண்ணினேன், அதையும் சொல்லிடுறேன். ஒவ்வொரு பக்கத்துலயும் தமிழ் வாசிச்சு உடனே இங்கிலீஷும் வாசிச்சேன், பெத்தவங்க சந்தோஷப்படுவாங்கன்னு. கதை நொண்டி அடிச்சு நடந்துச்சு, பிள்ளைங்க ரெண்டாவது தடவை வாசிக்கிறப்போ எல்லாம் வாயைப் பார்த்துட்டு உட்கார்ந்துச்சுங்க. ஒரு நாளைக்கு ஒரு மொழி. தமிழ்ல மூணு வாரம் வாசிச்சு கதை மனப்பாடம் ஆனப்புறம் நாலாவது வாரம் இங்கிலீஷ்ல வாசிங்க, அப்போ அதுகளே அர்த்தம் சொல்லும். திருவிழாவுல பத்து சதவீதம் தள்ளுபடி கழிச்சு மொத்தம் 12 புக் வந்துச்சு, பன்னெண்டும் இன்னைக்கு வரைக்கும் ஓடுது, ரெண்டு மட்டும் அட்டை போயி டேப் போட்டிருக்கேன்.

எத்தனை புக் வேணும்னு கேட்டா, ஒரு வருஷத்துக்கு பன்னெண்டு பதினஞ்சு போதும். இது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா 39 வாங்கியிருக்க மாட்டேன். வாரம் ஒரு புது கதை வேணும்னு நினைக்கிறது பெரியவங்கதான், பிள்ளைங்க "அதே மிஸ், அந்தக் கட்டில் கதை"ன்னுதான் கேக்குதுங்க. அரை மணி நேரத்துக்கு மூணு புக். எல்லாரும் தெம்பா இருக்கிறப்போ கொஞ்சம் நீளமானதை முதல்ல வச்சுக்குவேன், ரெண்டாவது கூட சேர்ந்து கத்துற மாதிரி திரும்பத் திரும்ப வர்ற வரி உள்ளது, கடைசியில சின்னதா அமைதியா ஒண்ணு. பையில எப்பவும் நாலாவதா ஒண்ணு இருக்கும், நான் நினைச்சது எடுபடலைன்னா பாதியிலேயே மூடி வச்சுட்டு அதை எடுப்பேன். பாதியில மூடுறதுக்கு முதல்ல மனசே வராது, ஆனா பிள்ளைங்க நெளிய ஆரம்பிச்சப்புறம் இழுத்து முடிக்கிறதால யாருக்கும் லாபம் இல்ல. வயசு கலந்து வந்தா சின்னதுகளுக்கு ஏத்த புக்கையே எடுங்க. எட்டு வயசுப் பையன் நாலு வயசுக் கதையைக் கேட்டுக்குவான், பக்கம் திருப்புற வேலையை அவன்கிட்ட கொடுத்துட்டா இன்னும் சந்தோஷம், ஆனா நாலு வயசுப் பிள்ளை எட்டு வயசுக் கதையில உட்காராது.

கணக்கு போட்டுப் பார்த்தேன். செட் 2,048, இங்கிலீஷ் 2,450, மொழிபெயர்ப்பு 900, பிரிண்ட் 1,200, ஆக 6,598. அதுல உழைக்கிறது அந்த மூணு இங்கிலீஷ் புக் மட்டும்தான், ஒரு ஆயிரம் ரூபா. மீதி ஐயாயிரத்து ஐந்நூறும் போனதுதான். அந்த நேரத்துல நான் வேலையை விட்டுட்டு வீட்டுல இருந்தேன், வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லல, ஆனா எனக்கு மனசுல முள்ளா இருந்துச்சு. நாலு மாசம் ஞாயித்துக்கிழமை வந்தாலே வயித்தைக் கலக்கும், அதுக்குக் கணக்கு இல்ல. சின்ன செட் புக்ல கருப்பு வில்லன் இருந்த நாலைத் தவிர மீதியை அக்கம்பக்கத்துல மடியில வச்சு வாசிக்கிற வீடுகளுக்குப் பிரிச்சுக் கொடுத்துட்டேன், அந்த அளவுக்கு அது அதுக்குத்தான் சரி.

அந்தப் பாட்டி பேத்தியைக் கூட்டிட்டு நாலு வாரம் வரல, அஞ்சாவது வாரம் வந்தாங்க. அந்தப் பிள்ளை இப்போ முதல் வரிசை, கட்டில் கதையில வாலைப் பார்த்ததும் முதல்ல கத்துறது அதுதான்.

இப்போதைக்கு நான் தேடிட்டு இருக்கிறது ஒரு புக். ஆறு வயசுப் பையன் ஒருத்தன் மூணு வாரமா போர்வெல் போடுற லாரி கதை கேட்டுட்டு இருக்கான், அவங்க தெருவுல ராத்திரி முழுக்க போர் போட்டாங்களாம், சேறு எப்படிப் பீச்சி அடிச்சுதுன்னு நின்னுட்டே நடிச்சுக் காட்டினான், மத்த பிள்ளைங்க அசையாம பார்த்துச்சுங்க. ரயில் இருக்கு, பஸ் இருக்கு, விமானம் எவ்வளவோ இருக்கு, போர் லாரி தமிழ்ல எனக்கு இன்னும் கண்ணுல படல. யாராச்சும் எங்கயாச்சும் பார்த்திருந்தா சொல்லுங்க, புக் எத்தனை சென்டிமீட்டர்னும் சேர்த்துச் சொல்லுங்க.